இரண்டாவது அறையின் நீளம்

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "முதல்ல உள்ள போய் அதை நிறுத்துங்க" என்றாள் அண்ணி.

வாங்க என்று சொல்லுவாள் என அவனும் எதிர்பார்க்கவில்லை. இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் பல வருஷம் ஓட்டியவன். காலையில் அவள் போன் செய்தபோதுகூடச் சாவுச் செய்தி இரண்டாவதாகத்தான் வந்தது. "அவர் ரூம்ல அந்த மிஷின் கத்திக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு இங்க யாருக்கும் தெரியல. நீங்கதான் வரணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "அவர் போயிட்டார்" என்றாள்.

கூடத்தின் நடுவில் அண்ணன் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் போடுவார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. இப்போதும் யாரோ செய்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டவர்போல முகத்தில் ஒரு சுளிப்பு. அழுகை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான் தம்பி வந்திருந்தான். வரவில்லை. கோபம்தான் வந்தது. விழுந்து ஒரு வாரம் படுக்கையில் கிடந்தாராம். ஒரு போன் பண்ணவில்லை. 'கடைசி வரைக்கும் உனக்கு என் நம்பர் ஞாபகம் வரலைல்ல?' என்று மனசுக்குள் கேட்டுவிட்டு உள்ளே போனான்.

அறையில் அந்த மிஷின் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பாக இருக்கும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் அது. டிவியில் மாட்டினால் படம் தெரியும். பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அப்பா வாங்கிக் கொடுத்தது. பொது என்றால் மூத்தவருடையது என்று அர்த்தம்.

"பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதானே அண்ணி?"

"பிடுங்கினா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிச் சொல்லி, இந்த வீட்ல எல்லார் கையும் அந்தப் பிளக்கைக் கண்டாலே நடுங்கும். அவர் விழுந்தப்போ ஏதோ காப்பி பண்ணிட்டு இருந்தார். அன்னிலேர்ந்து அது ஓடிட்டேதான் இருந்தது. இன்னிக்குக் காலைல கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அப்பலேர்ந்து கத்துது."

கரண்ட் போய் வந்தது என்று கேட்டதுமே தம்பிக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அடக்கிக்கொண்டான்.

அதற்குக் காரணம் இருந்தது. இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களைக் குப்பை என்று சொல்லிக்கொண்டு அந்தக் காலத்து மிஷின்களைக் கட்டி அழும் கூட்டம் ஒன்று இந்த ஊரில் உண்டு. மாதம் ஒருமுறை கூடுவார்கள். பழைய ஃபிளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, பழைய டிஸ்க்குகள் சுற்றிச் சுற்றிச் செத்துவிட்டன. அதனால் அந்த இடத்தில் இப்போது கேமராவுக்குப் போடுகிற கார்டை மாட்டுகிறார்கள். எந்தக் கார்டு தாங்கும், அதில் எந்த ஃபைல் சிஸ்டத்தைப் போடுவது என்பதுதான் அவர்களுக்குள் ஓயாத சண்டை. கார்டுக்குள் எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பதுதான் ஃபைல் சிஸ்டம். கணக்குக் கெட்டால் சரக்கு இருந்தும் இல்லாததுதான்.

மிஷினோடு பிறந்த ஃபைல் சிஸ்டம்தான் அசல் என்பது அண்ணன் கட்சி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது குழம்பிவிடும். "சிவப்பு லைட் அணையற வரைக்கும் பொறுக்கத் தெரியாதவன் எதுக்கு கம்ப்யூட்டர் வெச்சுக்கணும்?" என்பார் அண்ணன். பிற்பாடு யாரோ எழுதிய புதிய ஃபைல் சிஸ்டம் பாதியில் பிடுங்கினாலும் தாங்கும் என்பது தம்பி கட்சி. அவன் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக். மனுஷன் பாதியில்தான் பிடுங்குவான் என்பது அவனுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்.

இதோடு நின்றிருந்தால் பகையாகி இருக்காது. ஒருமுறை நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று தெருவோரத்தில் விற்ற கார்டுகளை வாங்கி நாலைந்து பேருக்குப் போட்டுக் கொடுத்தான். மேலே ஒட்டியிருந்த அளவு வேறு, உள்ளே இருந்தது வேறு. கொடுத்ததையெல்லாம் சரி சரி என்று வாங்கிக்கொண்டு ஒன்றையும் திருப்பித் தராத போலிகள். அண்ணன் அதைக் கண்டுபிடித்தார். தம்பியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தம்பி கையால குடுக்கற கார்டை யாரும் நம்பாதீங்க" என்றார். அன்றிலிருந்து அவனுக்குப் 'பிளாட்பாரம்' என்று பெயர். அண்ணனுக்குக் 'கல்வெட்டு'. அவர் எழுதிக் கொடுத்தால் அழியாதாம்.

தம்பி மிஷினை அணைத்தான். கத்தல் நின்றதும் கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கார்டை உருவித் தன் லேப்டாப்பில் செருகினான். கரண்ட் போய் அண்ணனுடைய அசல் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கும், 'நான் அப்பவே சொன்னேன்' என்று யாரிடமாவது சொல்லலாம் என்றுதான் பார்த்தான். ஆனால் அங்கே இருந்தது வேறு. கார்டின் ஆரம்பமே இல்லை. ஆரம்பம் இருக்க வேண்டிய இடத்தில் கடைசியாகக் காப்பி செய்த படங்களின் வால் கிடந்தது.

பழைய மிஷினுக்கு நாலு ஜிகாவுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஸ்கூட்டர் மீட்டர் ஒன்பதுகளெல்லாம் முடிந்ததும் பூஜ்யத்துக்கு வருவதுபோல, நாலைத் தாண்டினால் மறுபடி ஆரம்பத்துக்கே வந்து அங்கே இருப்பதன்மேல் எழுதும். இந்தப் பாடத்தைக் கூட்டத்துக்கு நடத்தியவரே அண்ணன்தான். கார்டை இரண்டு அறையாகப் பிரிக்கச் சொல்வார்: முன்னால் சின்ன அறை, அதில் நாமே செய்தது, பின்னால் பெரிய அறை, அதில் மற்றதெல்லாம். பெரிய அறைக்கு நாலு என்று அளந்து போட்டிருந்தார். முன்னறையைக் கூட்ட மறந்துவிட்டார். தெருவிலிருந்து, அதாவது கார்டின் தொடக்கத்திலிருந்து, அளக்க வேண்டிய நீளத்தை அறைவாசலிலிருந்து அளந்திருக்கிறார். பெரிய அறை நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது. நிரம்பினால் அதன் வால் முன்னறையை அப்படியே தின்றுவிடும்.

பிழை திருத்துகிறவர் விட்ட பிழை. தம்பி தனியாக உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"என்ன சிரிப்பு?" என்றாள் அண்ணி கதவருகில் இருந்து.

"சிரிக்கல."

"பல்லு தெரியுது."

அவளிடம் சொன்னான். அவளுக்குப் புரியும்படி அறை, வாசல், தெரு என்று சொன்னான். நிதானமாகத்தான் சொன்னான், ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த சந்தோஷம் அவன் குரலிலேயே இருந்தது. "இது இவர் கார்டு மட்டும் இல்ல அண்ணி. கூட்டத்துல முப்பது பேருக்கு மேல இவர் கார்டு போட்டுக் குடுத்திருக்கார். எல்லாம் இதே அளவாத்தான் இருக்கும். இவர்தான் ஒரு அளவு போட்டா மாத்த மாட்டாரே."

"வெளிய போய் சொல்லப் போறீங்களா?"

"சொல்லித்தானே ஆகணும்?"

"அவங்க நல்லதுக்கா, உங்க ஆத்திரத்துக்கா?"

இரண்டுக்கும்தான். அவன் லேப்டாப்பை மூடினான்.

"நல்லா கேட்டுக்கோங்க" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "பெட்டி போற வரைக்கும் இதைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா, எல்லார் முன்னாடியும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவேன். அவருக்குன்னு இருந்தது அந்தப் பேர் ஒண்ணுதான். எனக்குன்னு எதுவும் வாங்கித் தரல, எங்கேயும் கூட்டிட்டுப் போகல. இந்தப் பேரைத்தான் காட்டிட்டு இருந்தார். அதையும் நீங்க எடுத்துட்டுப் போக விடமாட்டேன்."

நாளைக்குச் சொன்னால் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அவன் கூடத்துக்கு வந்தான். இத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு நாள் பெரிதல்ல. நாளைக்குச் சொன்னாலும் இனிக்கத்தான் செய்யும்.

கூட்டத்து ஆட்கள் ஒரு வரிசை நாற்காலியைப் பிடித்திருந்தார்கள். நடுவில் சோல்டர். எந்த மிஷினைக் கொடுத்தாலும் முதலில் பற்றவைப்புக் கோலை எடுப்பதால் அந்தப் பெயர், பேச்சும் சுடும். தம்பியைப் பார்த்ததும் சத்தமாகவே சொன்னார்.

"பிளாட்பாரம் வந்திருக்கான்யா. பொணம் வெளிய இருக்கு, இவன் ரூமுக்குள்ள இருந்து வர்றான். என்னடா, உள்ள எதையாவது அமுக்கிட்டியா?"

"அண்ணிதான் கூப்பிட்டாங்க. மிஷினை நிறுத்த."

"இருந்தப்ப அவர் பேச்சை நிறுத்தப் பாத்த, முடியல. இப்ப மிஷினை நிறுத்திட்டியாக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள், இடம் ஞாபகம் வந்து நிறுத்தினார்கள். தம்பிக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அண்ணி பெட்டியின் தலைமாட்டில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினான்.

அப்போதுதான் கிளாரினெட்காரர் வந்தார். ஒரு காலத்தில் மேடைகளில் வாசித்தவர், இப்போது காதும் மூச்சும் குறைந்துவிட்டன. தான் வாசித்ததை, தானே மெட்டுப் போட்டதை எல்லாம் பழைய மிஷினில் ஏற்றிவைப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சின்னப் பிள்ளைபோல விசும்பினார்.

"என் மெட்டு எல்லாத்துக்கும் இடம் கட்டிக் குடுத்தார் சார் இவர்" என்றார், யாரைப் பார்த்தும் இல்லாமல். "மெட்டெல்லாம் முன்னறைல, நான் வாசிச்சதெல்லாம் பெரிய அறைலன்னு பிரிச்சுக் குடுத்தார். பெரிய அறை ரொம்பிடுச்சு. இன்னும் ஒரே ஒரு வாசிப்புக்குத்தான் இடம் இருக்குன்னு மிஷின் சொல்லுது. அந்த இடத்தை இவருக்குன்னு வெச்சிருக்கேன். வீட்டுக்குப் போனதும் மூச்சு இருக்கற வரைக்கும் இவருக்காக வாசிச்சு, அதுல ஏத்தி மூடிடுவேன்."

எல்லோரும் தலையசைத்தார்கள். சோல்டர் கண்ணைத் துடைத்தார்.

தம்பி மனசுக்குள் அளந்து பார்த்தான். பெரிய அறையின் கடைசி இடம். அந்த வாசிப்பை ஏற்றிய நிமிஷமே அவருடைய மெட்டு ஒவ்வொன்றையும் அது தின்றுவிடும். நாளைக்கு என்பது இந்த மனுஷனுக்குக் கிடையாது. அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் ஒன்றும் புரியாமல் பெட்டித் துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அய்யா, இன்னிக்கு எதையும் ஏத்தாதீங்க" என்றான்.

"ஏன் தம்பி?"

"ஏத்த வேண்டாம். அவ்வளவுதான்."

"ஆரம்பிச்சுட்டான்" என்று சோல்டர் எழுந்தார். "கல்வெட்டு போட்ட கார்டுல குத்தம் கண்டுபிடிக்கப் போறானாம். ஏன்டா, பெட்டியை இன்னும் எடுக்கல. அதுக்குள்ள உன் தெருவோரச் சரக்கை விக்க வந்துட்டியா?"

"நீங்க சொன்னா எப்படி தம்பி?" என்றார் கிளாரினெட்காரர். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் சுட்டது. "கார்டு விஷயத்துல உங்க அண்ணன் சொன்னா கேப்பேன். உங்க பேச்சை நம்பாதீங்கன்னு அவரே சொல்லியிருக்காரே."

அவன் உண்மையைச் சொல்லலாம். அறை, வாசல், தெரு என்று விளக்கலாம். ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பிடிவாதமாகவே வாசித்து ஏற்றுவார். அண்ணன் செத்தும் தன் வாயை அடைத்துவிட்டார் என்று நினைத்தபோது அவனுக்குப் பெட்டியை ஒரு உதை விடலாம் போலிருந்தது.

"அண்ணன்தான் சொன்னார்" என்றான்.

கிளாரினெட்காரர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்னன்னு?"

"அளவுல ஒரு பிசகு இருக்குன்னு அவரே கண்டுபிடிச்சார். முந்தாநாள் எனக்குப் போன் பண்ணினார். பெரிய அறை ரொம்பிட்டா முன்னறை அழிஞ்சுடும், யாரும் புதுசா எதையும் ஏத்த வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னார். கார்டையெல்லாம் வாங்கி அளவை மாத்திக் குடுக்கச் சொன்னார்." பிறகு, "என்னைத்தான் செய்யச் சொன்னார்" என்றான்.

அண்ணனுடைய தப்பை அண்ணனே கண்டுபிடித்ததாக, சாகிற நேரத்திலும் ஊருக்காகக் கவலைப்பட்டதாகத் தன் வாயாலேயே கல்வெட்டு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சோல்டர் சந்தேகமாகப் பார்த்தார். "முந்தாநாளா? முந்தாநாள் நான் வந்திருந்தேனே. தூங்கறார், பேச முடியாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. ஏம்மா, உண்மையா? இவன்கிட்ட அவர் பேசினாரா?"

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் மடிப்பை நீவுவதை நிறுத்தினாள். தம்பி தரையைப் பார்த்தான். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றால் இதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது.

"பேசினார்" என்றாள் அண்ணி. "நான்தான் போனைக் காதுல பிடிச்சுட்டு இருந்தேன். ரகசியமா இருக்கட்டும், தம்பி வந்து சொல்லட்டும்னார்."

கிளாரினெட்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "பாத்தீங்களா? உயிர் போற நேரத்துலயும் என் மெட்டை நினைச்சிருக்கார் மனுஷன்." நாற்காலி வரிசை முழுக்க ஒரு முனகல் போனது. சோல்டர் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்த கார்டை எடுத்தார். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துக் கேமராவில் போட்டுவிடுவார்கள் என்று அதைக் கூடவே கொண்டு திரிபவர். முடிச்சை அவிழ்த்து, "அவர் யார்கிட்ட குடுக்கச் சொன்னாரோ அவங்ககிட்டயே குடுக்கறேன்" என்று கார்டைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம். அவன் அதைத் தன் சட்டைப் பையில் போட்டான். ஜெராக்ஸ் மூடிகளில் மாட்டி மாட்டி ஓரம் கிழிந்த பை.

லேப்டாப்பையும் பையையும் எடுக்க அறைக்குப் போனபோது அண்ணி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நீங்க அப்படிச் சொன்னதுக்கு…"

"உங்களுக்காகச் சொல்லல." அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "விழுந்த அன்னிக்கே அவருக்குப் பேச்சு போயிடுச்சு. ஒரு எழுத்து வரல. கல்வெட்டுக்கு வாய் போச்சுன்னு நாலு பேர் சிரிக்கக் கூடாதுன்னு யார் வந்தாலும் தூங்கறார்னு சொன்னேன். உங்ககிட்ட போன்ல பேசினாராம். பேசினாராம்ல?"

போன் பண்ணவில்லை என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தம்பிக்குத் தெரியவில்லை.

"ஏதாவது சைகை…" என்றான். "என்னைப் பத்தி ஏதாவது…"

"எதுவும் இல்ல" என்றாள் அவள். "நீங்க ஆசைப்படற மாதிரி எதுவும் இல்ல. விழறதுக்கு முன்னாடி நாள்கூட உங்களைத் திட்டிட்டுத்தான் சாப்பிட்டார். கார்டையெல்லாம் உங்க வீட்டுக்கே வரவழைச்சுக்கோங்க. இதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

"சரி அண்ணி."

"மிஷினைத் தொடாதீங்க. அது அங்கேயே இருக்கட்டும்."

"சரி."

வெளியே வண்டி வந்து நின்றது. பெட்டியை மூடினார்கள். யாரோ, "தம்பி முன்பக்கம் பிடிக்கட்டும்" என்றார். நேற்றுவரை அவனைப் பார்த்தால் தெருவைத் தாண்டிப் போகிறவர்கள் வழிவிட்டார்கள். கிளாரினெட்காரர் வாசல் ஓரமாக நின்று, வாத்தியம் இல்லாமல், உதட்டைக் குவித்து ஏதோ ஒரு மெட்டை ஊதிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் வெறும் காற்றுதான் வந்தது.

தம்பி பிடியைப் பற்றக் குனிந்தான். கிழிந்த பையிலிருந்து கார்டு நழுவப் பார்த்தது. சட்டென்று இடது கையால் நெஞ்சை அமுக்கிக்கொண்டான்.

"பாவம், நெஞ்சைப் பிடிச்சுட்டான் பாருங்க" என்றாள் ஒரு பெண்.

சோல்டர் பின்பக்கத்தில் நின்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "என்னதான் பகைன்னாலும்… தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க? டேய், ரெண்டு கையாலயும் பிடிப்பா. கனமா இருக்கு."

அண்ணி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அந்த இடது கையைப் பார்த்தாள்.

படியில் இறங்கும்போது பெட்டி முன்னால் சாய்ந்தது. அந்தப் பக்கத்துக் கனம் முழுவதும் அவனுடைய வலது கைக்கு வந்தது. மற்றக் கையை அவன் எடுக்கவில்லை.